‘ஃபைன் கட்டியாச்சு, அப்புறம் என்ன?’: போலீஸ் வேலைக்கு மனு செய்பவரின் பின்புலம் யார் கைக்குப் போகிறது

மலேசியாவில் எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்த பையன் போலீஸ் வேலைக்கு மனு போடுகிறான். வீட்டில் உடனே இரண்டு கட்சி பிரிந்துவிடுகிறது. “மூணு வருஷத்துக்கு முன்னால பட்டர்வொர்த்தில நடந்தது கோலாலம்பூருக்கு எப்படித் தெரியும்?” என்கிறார் மாமா. “ஒரு சாமான் இருந்தாலே பேரு கெட்டுப் போயிடும்டா” என்கிறார் அப்பா; சாமான் என்று அவர் சொல்வது சாலைக் குற்றத்துக்கு வரும் அபராத நோட்டீஸை. இரண்டு பேர் சொல்வதும் தப்பு. போதாக்குறைக்கு, ஒரு ஊரில் நீக்கப்பட்ட போலீஸ்காரர் பக்கத்து ஊரில் மறுபடி சீருடை போட்டுக்கொண்ட அமெரிக்கச் செய்தி ஏதாவது கைப்பேசிக்கு வரும்போது, இங்கேயும் அப்படித்தானோ என்ற சந்தேகமும் சேர்ந்துகொள்கிறது.

ஒரு மனுதாரரைப் பற்றி ஒரு போலீஸ் அலுவலகத்துக்குத் தெரிந்தது இன்னொரு அலுவலகத்துக்கு எப்படிப் போகிறது, எங்கே போகாமல் நின்றுவிடுகிறது என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

தகவல் ஒன்றல்ல, நான்கு

‘ரெக்கோட்’ என்று ஒரே சொல்லில் நாம் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அதற்குள் நான்கு வகைத் தகவல் இருக்கிறது. நான்கும் வேறு வேறு இடத்தில் இருப்பவை, வேறு வேறு விதமாகப் பயணம் செய்பவை.

1. போலீஸ் ரிப்போர்ட். யார் வேண்டுமானாலும் எந்த பாலாயிலும் (போலீஸ் நிலையத்திலும்) போய் யார் மீதும் கொடுக்கலாம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஆம் பிரிவின்படி போலீஸ் அதை எழுதிக்கொள்கிறது. அதில் உங்கள் பேர் இருப்பதால் மட்டும் நீங்கள் குற்றவாளி ஆகிவிடுவதில்லை. வாடகைத் தகராறில் வீட்டுக்காரர் கோபத்தோடு கொடுத்ததும் ரிப்போர்ட்தான்.

2. குற்றப் பதிவு. நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்ப்பளித்த பிறகு, 1969ஆம் ஆண்டின் குற்றவாளிகள், விரும்பத்தகாதோர் பதிவுச் சட்டத்தின் கீழ் ஏறுவது. கைரேகையோடு சேர்ந்து இருப்பது. நாடு முழுவதற்கும் பதிவு ஒன்றுதான்.

3. உளவுத் தகவல். வழக்கும் இல்லை, தீர்ப்பும் இல்லை. இன்ன கும்பலோடு பழகுகிறார், இன்ன இடத்தில் அடிக்கடி தென்படுகிறார் என்ற மாதிரி விவரம். நம் நாட்டில் இது பெரும்பாலும் சிறப்புப் பிரிவு, அதாவது சாவாங்கான் காஸ் என்று எல்லாரும் சொல்லும் பிரிவின் கையில்.

4. பணிக்கோப்பு. முன்பு வேலை செய்த இடத்தில் எச்சரிக்கைக் கடிதம் வாங்கினாரா, ஒழுங்கு நடவடிக்கை இருந்ததா, தானாக விலகினாரா, விலக வைக்கப்பட்டாரா என்ற விவரம். இது போலீஸ் பதிவே இல்லை, முதலாளியின் சொத்து.

ஆபத்து அதிகம் இருப்பது மூன்றிலும் நான்கிலும். இரண்டாவது வகை எளிது. கைரேகை வைத்தால் பதில் வந்துவிடும். மூன்றாவதையும் நான்காவதையும் யாராவது ஒருவர் எழுதிக் கேட்டு, இன்னொருவர் மனம் வைத்துக் கொடுத்தால்தான் கிடைக்கும்.

ஒரே ‘ஃபைன்’, இரண்டு அர்த்தம்

நம் பேச்சுவழக்கே இந்த விஷயத்தில் நம்மைக் கெடுக்கிறது. சாலையில் வேகமாகப் போனதற்கு வந்த சாமானைக் கட்டினாலும் ஃபைன் என்கிறோம். நீதிமன்றத்தில் கூண்டில் நின்று குற்றத்தை ஒப்புக்கொண்டு பணம் கட்டினாலும் ஃபைன் என்கிறோம்.

முதலாவது கொம்பாவுன், அதாவது சமரசக் கட்டணம். கட்டினால் விஷயம் அங்கேயே முடிந்தது. தீர்ப்பு கிடையாது, குற்றப் பதிவும் கிடையாது. அப்பாவின் பயம் இங்கே தேவையில்லாதது. (கட்டாமலே விட்டு நீதிமன்றம் வரை இழுத்துக்கொள்வது வேறு கதை.)

இரண்டாவது தண்டனை. இதற்கு அடிக்கடி பார்க்கும் உதாரணம் சிறுநீர்ப் பரிசோதனையில் மாட்டுவது. 1952ஆம் ஆண்டின் அபாயகரப் போதைப்பொருள் சட்டம் 15ஆம் பிரிவில், போதைப்பொருள் உட்கொண்டதற்கு 5,000 ரிங்கிட் வரை அபராதமோ 2 ஆண்டு வரை சிறையோ விதிக்கலாம். பையன் குற்றத்தை ஒப்புக்கொள்கிறான், குடும்பம் கடன் வாங்கிப் பணம் கட்டுகிறது, எல்லாரும் வீட்டுக்கு வருகிறார்கள். சிறைக்குப் போகாததால் கேஸ் முடிந்துவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். கேஸ் முடிந்தது, தீர்ப்பு முடியவில்லை. பட்டர்வொர்த்தில் எழுதிய தீர்ப்பு, கோலாலம்பூரில் உள்ள போலீஸ் தலைமையகமான புக்கிட் அமானில் தெரியும். மாமாவின் நம்பிக்கை விழுவது இங்கேதான்.

இந்த இரண்டுக்கும் நடுவில் வேறு சில நிலைகள் உண்டு. இவற்றைப் பிரித்துச் சொல்லத் தெரியாமல் படிவத்தில் தப்பாக எழுதி மாட்டிக்கொள்பவர் நிறையப் பேர்.

- குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஏ பிரிவு: குற்றம் நிரூபணமானாலும், தீர்ப்பைப் பதிவு செய்யாமல், நன்னடத்தைப் பிணையில் விடுவது.
- அதே சட்டத்தின் 294ஆம் பிரிவு: குற்றவாளி என்று தீர்ப்பு பதிவாகும். ஆனால் தண்டனைக்குப் பதிலாகப் பிணையில் விடுவார்கள்.
- முழு விடுதலை: அந்தக் குற்றச்சாட்டு அதோடு முடிந்தது.
- விடுதலை ஆகாத விடுவிப்பு: பத்திரிகைகளில் டிஎன்ஏஏ என்று வருவது. அரசுத் தரப்பு பின்னால் மறுபடியும் குற்றஞ்சாட்டலாம்.

முதல் இரண்டிலும் பையன் பிணையில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வருகிறான். இரண்டையும் வீட்டில் ‘போண்டு’ என்றுதான் சொல்கிறார்கள். சட்டத்தின் கண்ணில் ஒன்றில் தீர்ப்புப் பதிவு இருக்கிறது, இன்னொன்றில் இல்லை.

அமெரிக்காவில் ஏன் இது தீராத தலைவலி

அங்கே ஒரு போலீஸ் படை இல்லை. ஊருக்கு ஒன்று, மாவட்டத்துக்கு ஒன்று, மாநிலத்துக்கு ஒன்று, சில பல்கலைக்கழகங்களுக்குக்கூட ஒன்று என்று ஏறக்குறைய 18,000 போலீஸ் அமைப்புகள். ஒவ்வொன்றும் தனி முதலாளி. பத்துப் பேர் வேலை செய்யும் சின்ன ஊர்ப் படையும் தானே ஆள் எடுக்கிறது, தானே பின்புலம் விசாரிக்கிறது.

இந்த அமைப்பு எங்கே உடைகிறது என்று காட்ட ஒரு வழக்கு போதும். ஒஹாயோ மாநிலத்தில் இண்டிபெண்டன்ஸ் என்ற சிறு நகரத்தின் போலீஸ், 2012இல் ஓர் இளைஞரை வேலைக்கு எடுத்தது. துப்பாக்கிப் பயிற்சியில் அவர் மனம் தடுமாறியதையும், எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும் இது சரியாகாது என்பதையும் துணைத் தலைவர் குறிப்பாக எழுதி வைத்தார். நீக்குவதற்குள் அந்த இளைஞர் தாமாகவே விலகிவிட்டார். 2014இல் கிளீவ்லண்ட் நகரப் போலீஸ் அவரை எடுத்துக்கொண்டது. பழைய வேலையை ஏன் விட்டீர்கள் என்ற கேள்விக்குச் சொந்தக் காரணங்களைச் சொன்னார். இண்டிபெண்டன்ஸில் இருந்த அந்தக் கோப்பை கிளீவ்லண்ட் வாங்கிப் பார்க்கவில்லை. இரண்டு ஊரும் பக்கத்துப் பக்கத்து ஊர். செந்தூலிலிருந்து கெப்போங் போகிற மாதிரி.

2014 நவம்பர் 22. பூங்காவில் பொம்மைத் துப்பாக்கி வைத்திருந்த தாமீர் ரைஸ் என்ற 12 வயதுப் பையனை அவர் சுட்டார். பையன் மறுநாள் இறந்தான். 2017இல் கிளீவ்லண்ட் அவரை வேலையிலிருந்து நீக்கியது. சுட்டதற்காக நீக்கவில்லை, மனுவில் உண்மையை மறைத்ததற்காக நீக்கியது. கதை அங்கேயும் முடியவில்லை. 2018இலும் 2022இலும் வேறு இரண்டு சின்ன ஊர்கள் அவருக்கு மறுபடி போலீஸ் வேலை கொடுத்தன. மக்கள் எதிர்த்ததும் இரண்டு முறையும் அவர் விலகிக்கொண்டார்.

கோப்பு இருந்தது. அதில் எழுத வேண்டியதை ஒருவர் எழுதியும் வைத்திருந்தார். கேட்க வேண்டியவர் கேட்கவில்லை, அவ்வளவுதான். கேட்டாலும் கொடுக்காமல் இருக்க வேறு காரணங்களும் உண்டு:

1. வழக்குப் பயம். “இவர் சரியில்லை” என்று எழுத்தில் கொடுத்தால், அவதூறு என்று அவரே வழக்குப் போடலாம். அதனால் பல படைகள் வேலையில் சேர்ந்த தேதி, விட்ட தேதி ஆகிய இரண்டை மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும்.

2. சமரசம். விசாரணை முடிவதற்குள் விலகிப் போ, நாங்களும் கோப்பைக் கிளற மாட்டோம் என்ற உடன்பாடு. படைக்கும் தலைவலி இல்லை, ஆளுக்கும் பேர் கெடாது. அடுத்த ஊருக்குத்தான் சனியன்.

3. ஆள் பஞ்சம். புதிதாக ஒருவரைப் பயிற்றுவிக்கப் பணமும் மாதங்களும் ஆகும். ஏற்கெனவே பயிற்சி பெற்றவர் கதவைத் தட்டினால், சின்ன ஊர் அதிகம் தோண்டிப் பார்க்காது.

இதற்கு அவர்கள் போட்ட ஒட்டுகள் மூன்று விதம். காலிபோர்னியாவில், மனுதாரரின் கையெழுத்தோடு புதிய படை கேட்டால் பழைய முதலாளி தகவல் கொடுத்தே ஆக வேண்டும். நல்லெண்ணத்தோடு கொடுத்தவருக்குச் சட்டப் பாதுகாப்பும் உண்டு. இரண்டாவது, உரிமம் பறிப்பு. டாக்டரின் பதிவை மருத்துவ மன்றம் ரத்து செய்கிற மாதிரி, போலீஸ் வேலை பார்க்கும் தகுதியையே மாநிலம் ரத்து செய்வது. காலிபோர்னியா இதைக் கொண்டுவர 2021 வரை ஆனது. மூன்றாவது, அப்படிப் பறிக்கப்பட்டவர்களின் தேசிய அட்டவணை. அரசு நடத்துவதல்ல, மாநிலப் பயிற்சி வாரியங்களின் சங்கம் நடத்துவது. அதில் முழுக் கோப்பு கிடைக்காது. இந்தப் பேர் உண்டு, இந்த மாநிலத்தைக் கேள் என்று கைகாட்டும், அவ்வளவே.

கூட்டரசு நிலை அதிகாரிகளுக்கென்று ஒரு தரவுத்தளம் 2023 டிசம்பரில் தொடங்கியது. 2025 ஜனவரியில் ஆட்சி மாறியதும், அதற்கு அடிப்படையாக இருந்த அதிபர் ஆணை ரத்தாகி, தளமும் மூடப்பட்டது. ஓர் ஆணையில் பிறந்தது இன்னோர் ஆணையில் போய்விட்டது. தகவல் பகிர்வைச் சட்டத்தில் எழுதி வைக்காமல் விட்டால் அதன் ஆயுள் இவ்வளவுதான்.

பிரிட்டன்: பெயர் மாறினால் தகவலும் மாறும்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வட்டாரப் போலீஸ் படைகள் 43. அமெரிக்காவைப் பார்க்கச் சின்ன எண்ணிக்கைதான். ஆனாலும் 2002இல் சோஹம் என்ற ஊரில் இரண்டு 10 வயதுச் சிறுமிகளைப் பள்ளிக் காப்பாளர் ஒருவர் கொன்றபோது, இந்த 43க்குள் இருந்த ஓட்டை வெளியே வந்தது. அவர் மீது ஹம்பர்சைட் வட்டாரத்தில் பல பாலியல் புகார்கள் இருந்திருக்கின்றன, எதிலும் தண்டனை இல்லை. அங்கே அந்த உளவுத் தகவலை ஒழுங்காகச் சேர்த்து வைக்கவில்லை. கேம்பிரிட்ஜ்ஷர் போலீஸ் பின்புலம் பார்த்தபோது, அவருடைய இரண்டு பெயர்களில் ஒன்றை மட்டுமே தேடியதாக விசாரணை ஆணையம் முடிவு செய்தது. அந்த ஆணையத்தின் 2004ஆம் ஆண்டு அறிக்கையின் பலனாகத்தான் எல்லாப் படைகளின் உளவுத் தகவலையும் ஒரே இடத்தில் தேடும் தேசியத் தரவுத்தளம் பின்னர் வந்தது.

தரவுத்தளம் வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டதா? 2021இல் லண்டனில் சாரா எவராட் என்ற பெண்ணைக் கடத்திக் கொன்றவர் பணியில் இருந்த போலீஸ்காரர். அவர் 2018இல் லண்டன் படைக்கு மாறி வந்தபோது, 2015இல் கெண்ட் வட்டாரத்தில் அவருடைய காரோடு தொடர்புபட்ட ஆபாசச் செயல் புகார் ஒன்று ஏற்கெனவே இருந்தது. பின்புலச் சோதனை அதைக் கண்டுபிடிக்கவில்லை. அதன்பின் போலீஸ் ஆய்வு அமைப்பு 725 சோதனைக் கோப்புகளை எடுத்துப் பார்த்தது. அவற்றில் 131 முடிவுகள் கேள்விக்குரியவை என்று 2022இல் சொன்னது.

மலேசியா: ஒரே படை, ஆனால்

இங்கே ஆரம்பத்திலிருந்தே ஒரே படை இருந்ததில்லை. போலீஸ் தினம் மார்ச் 25ஆம் தேதி வருவதற்குக் காரணமே பினாங்குதான். 1807இல் அந்தத் தேதியில் பினாங்குக்கு வழங்கப்பட்ட நீதிச் சாசனத்தைத்தான் படையின் தொடக்கமாகக் கொண்டாடுகிறார்கள். நீரிணைக் குடியேற்றங்களுக்கு ஒன்று, கூட்டு மலாய் மாநிலங்களுக்கு ஒன்று, மற்ற மாநிலங்களுக்குத் தனித்தனி என்றுதான் வெகுகாலம் இருந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு தீபகற்பத்தில் ஒன்றாகி, 1963இல் சபா, சரவாக் படைகளும் சேர்ந்தன.

இன்று பாலாய், மாவட்டம், மாநிலத் தலைமையகம், புக்கிட் அமான் என்று ஒரே ஏணி. நியமனம், ஒழுங்கு நடவடிக்கை ஆகியவற்றுக்குக் கூட்டரசு அரசியலமைப்பின் 140ஆம் விதியின் கீழ் போலீஸ் படை ஆணையம் ஒன்றுதான். அதனால் பினாங்கில் நீக்கப்பட்ட கான்ஸ்டபிள் ஜொகூரில் புது ஆளாக வந்து சேரும் கூத்து இங்கே நடக்காது. முதலாளி ஒருவரே, கோப்பும் ஒன்றே.

ஆனால் சீருடை போடுகிறவர்கள் எல்லாரும் போலீஸ் இல்லை. கோலாலம்பூரில் ஒரு நாள் நடந்து பாருங்கள். சாலைப் போக்குவரத்து இலாகா, குடிநுழைவு, சுங்கம், சிறை, மாநகர் மன்றத்தின் அமலாக்கப் பிரிவு, வங்கி வாசலில் பாதுகாவலர், விமான நிலையத்தில் துணைப் போலீஸ். ஒவ்வொருவருக்கும் முதலாளி வேறு. அமெரிக்காவில் ஊருக்கும் ஊருக்கும் இடையே இருக்கும் இடைவெளி, இங்கே அமைப்புக்கும் அமைப்புக்கும் இடையே இருக்கிறது. இதைக் கடக்கப் போட்டிருக்கும் பாலங்கள் இவை:

1. பாதுகாப்புச் சோதனை. அலுவலகங்களில் ‘தாப்பிசான்’ என்பது இதுதான். அரசாங்கத் தலைமைப் பாதுகாப்பு அலுவலகம் இணையம் வழி நடத்துகிறது. இரண்டு தரம் உண்டு: தாப்பிசான் காசார், தாப்பிசான் ஹாலுஸ். பேரைக் கேட்டு மாவு சலிப்பது நினைவுக்கு வந்தால் தப்பில்லை, கண் பெரிய சல்லடை, கண் சிறிய சல்லடை. ரகசிய ஆவணங்களைத் தொடப் போகிறவர்களுக்குத்தான் இரண்டாவது.

2. ஊழல் தடுப்பு ஆணையத்தின் நேர்மைச் சோதனை. பதவி உயர்வு, விருது, முக்கியப் பொறுப்பு வரும்போது பேரை அங்கே அனுப்புவார்கள்.

3. துணைப் போலீஸ். ஆளைத் தேர்ந்தெடுப்பது நிறுவனம். அதிகாரம் கொடுப்பது 1967ஆம் ஆண்டின் போலீஸ் சட்டம், 47ஆம் பிரிவு. நியமனத்துக்குத் தேசியப் போலீஸ் படைத் தலைவரின் கை வேண்டும் என்பதால், பேர் எப்படியும் போலீஸ் வழியாகத்தான் போய் வரும்.

4. தரவுப் பகிர்வுச் சட்டம், 2025. அந்த ஆண்டு ஏப்ரல் 28இல் அமலுக்கு வந்தது. ஒரு கூட்டரசு அமைப்பு இன்னொரு கூட்டரசு அமைப்பிடம் தரவு கேட்கவும், கேட்கப்பட்டவர் கொடுக்கவோ காரணத்தோடு மறுக்கவோ வழி செய்கிறது.

நான்காவதில் ‘கூட்டரசு’ என்ற சொல்லைக் கவனியுங்கள். பினாங்குத் தீவு மாநகர் மன்றமும் செபராங் பிறை மாநகர் மன்றமும் மாநில அரசின் கீழ் வருபவை. அந்தச் சட்டம் அவற்றுக்காக எழுதப்பட்டதல்ல. ஒரு மன்றத்தின் அமலாக்கப் பிரிவில் கைசுத்தம் இல்லாமல் விலகியவர் இன்னொரு மன்றத்தில் மனு போட்டால், குற்றப் பதிவு தேடினால் ஒன்றும் வராது, ஏனென்றால் வழக்கே இல்லை. நான் மேலே சொன்ன நான்காவது வகை, பணிக்கோப்பு, அதில்தான் விஷயம் இருக்கும். அதை யாராவது தொலைபேசி எடுத்துக் கேட்க வேண்டும். என் பார்வையில் ஒஹாயோ கதை இங்கே நடக்கக்கூடிய இடம் இதுதான், போலீஸ் படை அல்ல.

போலீஸ் படைக்கு உள்ளேயும் ஒரு கேள்வி உண்டு. 2005இல் அரச விசாரணை ஆணையம் கொடுத்த 125 பரிந்துரைகளில், புகார்களை வெளியிலிருந்து விசாரிக்கத் தனி ஆணையம் வேண்டும் என்பது பெரிதாகப் பேசப்பட்டது. 18 ஆண்டு கழித்து, 2023 ஜூலை 1இல் சுயேச்சைப் போலீஸ் நடத்தை ஆணையம் செயல்படத் தொடங்கியது. அது விசாரிக்கும், பரிந்துரைக்கும். தண்டிக்கும் அதிகாரம் ஒழுங்கு அதிகாரத்தின் கையில்தான். ஆணையத்தில் ஒரு புகார் நிலுவையில் இருக்கும்போதே அந்த அதிகாரி விலகி வேறொரு அமைப்புக்கு மனு போட்டால், அந்தப் புகாரை யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்பதில்தான் அந்த ஆணையத்தின் பயன் தெரியும்.

நம் பெயர்களும் கணினியும்

தமிழருக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, அப்பா பெயர்தான். அதைப் பதிவு இலாகாவில் யார் எப்படிக் காதில் வாங்கி எழுதினார்களோ அப்படி. ஒரே அப்பாவின் மூன்று பிள்ளைகளுக்கு அவர் பெயர் மூன்று எழுத்துக் கூட்டலில் இருப்பது நம் வீடுகளில் ஆச்சரியமே இல்லை: சுப்பிரமணியத்துக்கு நடுவில் ‘பி’ போட்டவரும் உண்டு, ‘பா’ போட்டவரும் உண்டு. அதே நேரம் ராஜுவின் மகன் முருகன் என்று தேடினால் எத்தனை பேர் வருவார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

அதனால் பெயர் தேடல் இரண்டு பக்கமும் தவறலாம். வேறொரு முருகனின் பதிவு உங்கள் மேல் ஒட்டிக்கொள்ளலாம். உங்கள் பதிவு எழுத்துக் கூட்டலில் ஒளிந்துகொள்ளலாம். இதற்குத்தான் 12 இலக்க அடையாள அட்டை எண். முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம், கடைசி நான்கு தனி எண். அதற்கு மேல் சந்தேகம் வந்தால் கைரேகைதான் முடிவு சொல்லும். பழைய அடையாள அட்டைக் காலத்துக் காகிதங்களில் எண் வேறு மாதிரி என்பதால், அப்பா, மாமா வயதுக்காரர்களின் விவரம் தேடும்போது இன்னும் தடுமாற்றம்.

அப்பா, மாமா விவரம் எதற்கு? பாதுகாப்புச் சோதனைப் படிவம் குடும்பத்தாரைப் பற்றியும் கேட்கும். அண்ணன் உள்ளே போய் வந்தவர் என்றால் தம்பிக்கு வேலை கிடைக்காது என்று பலர் முடிவே கட்டிவிடுகிறார்கள். அண்ணனின் தண்டனை தம்பியின் குற்றப் பதிவில் ஏறாது. ஆனால் உளவுத் தகவலைப் பார்க்கிறவர், தம்பியும் அதே கூட்டத்தோடு திரிகிறாரா என்று பார்ப்பார். அண்ணன் இருப்பதையே படிவத்தில் மறைத்தால், இல்லாத சந்தேகத்தை நாமே எழுதிக் கொடுத்த மாதிரி.

தெரிந்துகொள்ளும் உரிமை யாருக்கு?

இதுவரை ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்துக்குச் சொல்வதைப் பார்த்தோம். மனு செய்தவருக்கு யார் சொல்வது?

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2010 என்ற ஒன்று இருக்கிறதே என்பார்கள். வங்கியும் தொலைபேசி நிறுவனமும் உங்கள் விவரத்தை எப்படிக் கையாள வேண்டும் என்று சொல்லும் சட்டம் அது. அதன் 3ஆம் பிரிவு, கூட்டரசுக்கும் மாநில அரசுகளுக்கும் இது பொருந்தாது என்று நேராகவே சொல்கிறது. எனவே அந்தச் சட்டத்தைக் காட்டி, என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள், தப்பாக இருந்தால் திருத்துங்கள் என்று போலீஸிடம் கேட்க முடியாது. சோதனை அறிக்கையில் ‘சூலிட்’ (அந்தரங்கம்) என்றோ ‘ரஹ்சியா’ (ரகசியம்) என்றோ முத்திரை விழுந்துவிட்டால், 1972ஆம் ஆண்டின் அதிகாரத்துவ ரகசியச் சட்டமும் குறுக்கே வந்து நிற்கும்.

பயங்கரவாத வலையமைப்பு பற்றிய தகவலை மனுதாரருக்குக் காட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஆனால் ‘உங்கள் பேரில் ஒரு தண்டனைப் பதிவு வந்தது, அது நீங்கள்தானா?’ என்ற ஒரு கேள்வியைக் கேட்பதில் என்ன ரகசியம் போய்விடும்? அதைக்கூடக் கேட்காமல் ‘தேர்வு பெறவில்லை’ என்று ஒற்றை வரி அனுப்பும்போது, வேறொரு முருகனின் பாவத்தை இந்த முருகன் சுமக்கிறான். அடுத்த வருடம் மறுபடி மனு போட்டாலும் அதே சல்லடையில் அதே இடத்தில் நிற்பான்.

சிங்கப்பூர் இன்னொரு கோணத்தில் யோசித்திருக்கிறது. 3 மாதத்துக்கு மேற்படாத சிறையோ 2,000 வெள்ளிக்கு மேற்படாத அபராதமோ பெற்றவர், தொடர்ந்து 5 ஆண்டு குற்றமில்லாமல் இருந்தால், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு அந்தப் பதிவு கழிந்ததாகக் கருதப்படும். ஆனால் பாலம் தாண்டி அங்கே துணைப் போலீஸ் வேலைக்குப் போகும் நம் பையன்களுக்கு இந்தச் சலுகை இங்குள்ள பதிவை அழித்துவிடாது. வெளிநாட்டு முதலாளி கேட்பது நம் நாட்டு நன்னடத்தைச் சான்றிதழை. அதற்கு மனு போடுவது வெளியுறவு அமைச்சிடம், பதிவைப் பார்த்துச் சொல்வது போலீஸ். இன்டர்போல் வழியாக எல்லாம் தெரிந்துவிடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். நாடுகள் குற்ற விசாரணைக்காக அனுப்பும் தகவலைப் பரிமாறும் அமைப்பு அது. வேலைக்கு ஆள் எடுப்பவருக்குச் சான்றிதழ் கொடுக்கும் கவுண்டர் அல்ல.

மனு போடும் முன்

1. நீதிமன்றம் போன வழக்கு ஏதாவது இருந்தால், அது 173ஏ பிரிவா, 294ஆம் பிரிவா, முழு விடுதலையா, டிஎன்ஏஏவா என்று பாருங்கள். நினைவை நம்பாதீர்கள். நீதிமன்றப் பதிவகத்தில் உத்தரவின் சான்றளித்த நகலைக் கேட்டு வாங்குங்கள். பாலாயில் கேட்டால் ரிப்போர்ட் நகல்தான் கிடைக்கும், தீர்ப்பு கிடைக்காது.

2. கொம்பாவுன் கட்டிய ரசீதுகளை வைத்துக்கொள்ளுங்கள். கட்டாத சாமான் இருந்தால் மனுவுக்கு முன்னால் முடித்துவிடுங்கள்.

3. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பள்ளிச் சான்றிதழ் மூன்றிலும் பெயரும் அப்பா பெயரும் ஒரே எழுத்துக் கூட்டலில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் படிவத்தில் அடையாள அட்டையில் உள்ளபடி எழுதிவிட்டு, மற்றக் கூட்டலையும் குறிப்பிடுங்கள்.

4. முன்பு பாதுகாவலராகவோ வேறு சீருடை வேலையிலோ இருந்திருந்தால், விலகல் கடிதத்தின் நகலும் முதலாளி அதை ஏற்றுக்கொண்ட கடிதமும் கையில் இருக்கட்டும். நீக்கப்பட்டிருந்தால் ‘சொந்தக் காரணம்’ என்று எழுத வேண்டாம். கிளீவ்லண்டில் ஒருவர் வேலை இழந்தது அந்த வகைப் பதிலால்தான்.

5. நிராகரிப்புக் கடிதம் வந்து, பெயர்க் குழப்பம் என்று சந்தேகம் இருந்தால், அடையாள அட்டை எண்ணைக் குறிப்பிட்டு, பெயர் ஒற்றுமையால் தவறு நேர்ந்திருக்கலாம், கைரேகை வைத்துச் சரிபார்க்கத் தயார் என்று எழுத்து மூலம் அனுப்புங்கள். அனுப்பியதற்கு அத்தாட்சி வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த மனுவோடு இணைக்கத் தேவைப்படும்.